எந்த ஆறு மணி?

மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்த நாலு வயசுக் குழந்தை, நன்றாக அசந்து தூங்கிவிட்டு, ஆறு மணிக்குக் கண்விழிக்கிறது என்று வையுங்கள். ஜன்னலில் மங்கலாக ஒரு வெளிச்சம். அடுப்படியில் காபி வாசனை. வாசலில் யாரோ பெருக்குகிற சத்தம். குழந்தை எழுந்து நேரே குளியலறைக்குப் போய் பிரஷ்ஷைக் கையில் எடுத்துக்கொண்டு, "அம்மா, வேன் வந்துடுச்சா?" என்று கேட்கும். வீடே சிரிக்கும். பாட்டி உடனே யாருக்காவது போன் போட்டு அதைச் சொல்லியும் முடித்துவிடுவார்.

சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இது நடக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆனால் அந்தச் சிரிப்பில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. கையில் இருக்கிற சாட்சியங்களை வைத்துப் பார்த்தால் குழந்தை சொன்னதுதான் சரியான தீர்ப்பு. தூங்கி எழுந்தாயிற்று, தூங்கி எழுந்தால் காலை. வெளிச்சமும் காலை வெளிச்சம் மாதிரியே இருக்கிறது. காபியும் பெருக்கலும் காலையில் நடப்பவை. சந்தேகத்துக்குச் சுவர்க் கடிகாரத்தைக் கேட்டால் அதுவும் ஆறு என்கிறது. எந்த ஆறு என்று அது ஒருநாளும் சொன்னதில்லை.

மகள் எல்.கே.ஜி. சேர்ந்ததிலிருந்து எங்கள் வீட்டில் இந்த ஆராய்ச்சிதான் ஓடிக்கொண்டிருக்கிறது. பள்ளியிலிருந்து ஒரு தாள் வந்தது. மார்னிங், ஆஃப்டர்நூன், ஈவினிங், நைட் என்று நான்கு கட்டங்கள். கீழே படங்கள்: பல் தேய்க்கும் பையன், ரொட்டித் துண்டும் பாலும் வைத்த மேசை, பந்து விளையாடும் பையன், நிலாவுக்குக் கீழே கட்டில். வெட்டி, உரிய கட்டத்தில் ஒட்ட வேண்டும். பார்த்தால் சுலபம்தான். மகள் பல் தேய்க்கும் பையனைக் கையில் வைத்துக்கொண்டு, "இது எந்தப் பல் தேய்க்கிறது?" என்று கேட்டாள். எங்கள் வீட்டில் ராத்திரியும் தேய்க்க வேண்டும். பல் டாக்டர் சொல்லியிருக்கிறார். சுவரில் ஸ்டிக்கர்கூட ஒட்டியிருக்கிறோம்.

அந்தக் கேள்விக்குப் பிறகுதான் நான் இதை உட்கார்ந்து யோசிக்கத் தொடங்கினேன்.

எல்லாரும் சூரியனிலிருந்துதான் ஆரம்பிப்போம். சூரியன் வந்தால் காலை, உச்சிக்குப் போனால் மதியம், இறங்கினால் சாயங்காலம், போய்விட்டால் ராத்திரி. சென்னையில் இது நடுப்பகலுக்கும் நடு ராத்திரிக்கும் சரிப்படும். இரண்டு ஓரங்களில்தான் தகராறு. நாம் நிலநடுக்கோட்டிலிருந்து வெறும் 13 டிகிரி வடக்கே இருக்கிறோம். அதனால் வருஷம் பூராவும் சூரியன் ஆறு மணியைச் சுற்றியே வந்து போகிறது. ஜூன் தொடக்கத்தில் 5:40 வாக்கில் உதிக்கும். ஜனவரிக் கடைசியில் 6:35 வாக்கில். மறைவது நவம்பரில் 5:40-ஐ ஒட்டி, ஜூலையில் 6:40-ஐ ஒட்டி. பெரும்பாலான மாதங்களில் காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் வெளிச்சத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. பெரியவர்களே மதியத் தூக்கத்தில் மாட்டிக்கொண்டு விழித்தால் ஒரு நிமிஷம் திணறுகிறோம்.

டொராண்டோவில் இருக்கும் என் அக்காவுக்குத் தலைகீழான பிரச்சினை. அங்கே ஜூன் மாதத்தில் சூரியன் மறைய இரவு ஒன்பது தாண்டும். எட்டரைக்குப் படுக்கச் சொன்னால் அவள் மகன் ஜன்னலைக் காட்டி, "வெயில் அடிக்குது, இன்னும் சாயங்காலம்தாம்மா" என்று வாதாடுகிறான். டிசம்பரில் மாலை 4:40-க்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும். பள்ளி விட்டு வந்து ஷூவைக் கழற்றுவதற்குள் வெளியே இருட்டு. பையன் ராத்திரிச் சாப்பாடு கேட்கிறான். சிங்கப்பூரில் வேறு மாதிரி. 1982 தொடக்கத்தில் அந்த நாடு கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளிவைத்துக்கொண்டது. அதனால் அங்கே வருஷம் முழுக்க விடிவது ஏழு மணியை ஒட்டித்தான். ஏழரைக்குத் தொடங்கும் பள்ளிக்கு ஆறரைக்குப் பஸ் ஏறும் பிள்ளை இருட்டில் கிளம்புகிறது. அந்தப் பிள்ளையிடம் போய்ச் சூரியன் வந்தால்தான் காலை என்று சொல்ல முடியுமா?

ஆக, வெளிச்சம் எவ்வளவு இருக்கிறது என்பதை வைத்து நேரம் சொல்லித் தருவது உள்ளூரிலும் காலை வாரும், வெளியூரிலும் காலை வாரும். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பது அப்படி ஏமாற்றாது. எங்கள் வீட்டில் படுக்கையறை ஜன்னல் கிழக்கே பார்த்தது. கூடத்து பால்கனி மேற்கே. காலை வெயில் தலையணை மேல் விழும். மாலை வெயில் பால்கனி வழியாக நுழைந்து செருப்பு ஸ்டாண்டு மேல் விழும். "வெயில் இப்போ யாரைப் பார்க்க வந்திருக்கு, தலகாணியையா செருப்பையா?" என்று கேட்டால் மகள் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வாள். கிழக்கு, மேற்கு என்ற பெயர்கள்கூட அப்போது வேண்டியிருக்கவில்லை. வெயில் விழாத ஆறு மணிக்கு, எந்தப் பக்கத்து வானம் சிவந்திருக்கிறது என்று பார்த்தால் போதும். அபார்ட்மென்டில் ஒரே பக்கம் ஜன்னல் உள்ளவர்கள் பிள்ளையை மொட்டைமாடிக்குத்தான் கூட்டிப்போக வேண்டும். அதுவும் நல்லதுதான்.

நிழலும் இதே வேலையைச் செய்யும். காலையில் மேற்கே நீளும், மாலையில் கிழக்கே. நடுவில் குட்டையாகி, காலடிக்குள் ஒடுங்கும். சென்னையில் ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18-ஐ ஒட்டியும் சூரியன் சரியாகத் தலைக்கு மேலே வருகிறது. அந்த இரண்டு நாட்களில் பகல் 12 தாண்டிச் சில நிமிஷங்களில், செங்குத்தாக நிற்கும் எதற்கும் பக்கவாட்டில் நிழல் இருக்காது. நிழலில்லா நாள் என்று தமிழ்நாடு அறிவியல் இயக்கத்துக்காரர்கள் பிள்ளைகளைத் திரட்டி டம்ளரைக் கவிழ்த்து வைத்துக் காட்டுவார்கள். போன ஏப்ரலில் நாங்களும் மாடியில் ஒரு டம்ளரைக் கவிழ்த்தோம். மகளுக்கு டம்ளரைவிடத் தன் நிழல் காணாமல் போனதுதான் பெரிய விஷயம். அதற்குப் பிறகு மதியம் என்றால் அவளுக்கு அந்த நிழல் இல்லாத நேரம்தான்.

இனி வீட்டுக்குள் வருவோம். இங்கேதான் அச்சடித்த தாள்கள் நம்மை ரொம்பவே சோதிக்கின்றன. காலையில் இன்னது சாப்பிடுவார்கள், ராத்திரி இன்னது சாப்பிடுவார்கள் என்று அந்தத் தாள்கள் நம்புகின்றன. நம் வீட்டில் காலை எட்டுக்கும் தோசை, ராத்திரி எட்டுக்கும் தோசை. அதே மாவு, அதே சட்னி, சில நாள் காலையில் அரைத்த அதே சட்னிதான். காபி காலையிலும் உண்டு, நாலு மணிக்கும் உண்டு. வாசல் இரண்டு வேளையும் பெருக்குகிறோம். விளக்கு இரண்டு வேளையும் ஏற்றுகிறோம். வெயில் காலத்தில் குளியல் இரண்டு வேளை. ஒரு தமிழ் வீட்டின் காலையையும் மாலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முக்கால்வாசி ஒன்றேதான். ரொட்டியும் பாலும் படம் போட்டவருக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. அதை அப்படியே நகலெடுத்துக் கொடுத்தனுப்பும் பள்ளிக்கூடத்துக்குத் தெரிந்திருக்கலாம்.

அதனால் நான் ஒரு வேளைக்கு மட்டும் சொந்தமான விஷயங்களைத் தேட ஆரம்பித்தேன். தேடத் தேட நிறையக் கிடைத்தது. பால் பாக்கெட்டும் பேப்பரும் காலைக்கு மட்டும். குப்பை வண்டிப் பாட்டு எங்கள் தெருவில் காலைக்கு மட்டும். வேன் ஹாரன் போகும்போதும் உண்டு வரும்போதும் உண்டு, அதனால் அது உதவாது. ஆனால் பை கனமாகப் போவது காலை, டிபன் டப்பா காலியாக வருவது மதியம். தெருவிளக்கு 'பளிச்' என்று எரியத் தொடங்குவது மாலை, அணைவது காலை. பூக்காரம்மா மல்லிகையை மொட்டாகக் கொண்டுவருவது மாலை. தலையணையில் அது வாடிக் கிடப்பது காலை. பஜ்ஜிக் கடைத் தள்ளுவண்டி காலையில் சங்கிலி போட்டுப் பூட்டிக் கிடக்கும்.

எல்லாவற்றையும்விடப் பலமான சாட்சி கொசு. ஆறு மணி நெருங்கினால் என் மாமியார் வீடு முழுக்க ஓடி ஜன்னல்களை அடைப்பார். "கொசு வர்ற நேரம், கதவைச் சாத்து!" தினமும் கேட்கும் கட்டளை. அதே ஜன்னல்களைக் காலை ஆறுக்கு அவரேதான் திறந்துவிடுவார், காற்று வரட்டும் என்று. அடைக்கிற ஆறு, திறக்கிற ஆறு. மகள் முதன்முதலில் இரண்டு ஆறு மணிகளையும் தவறாமல் பிரித்தது இதை வைத்துத்தான். மதியத் தூக்கத்திலிருந்து எழுந்தவள் கூடத்துக்கு வந்து நின்று, பாட்டி ஜன்னலை இழுப்பதைப் பார்த்துவிட்டு, "ஓ, கொசு ஆறு" என்றாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மாலை ஆறுக்குப் பெயர் கொசு ஆறு. காலை ஆறு, பால் ஆறு.

சத்தங்களை விட்டுவிட்டேனே. எங்கள் தெருக்கோடியில் ஒரு பிள்ளையார் கோயில், அதற்கடுத்த தெருவில் பள்ளிவாசல், கொஞ்சம் தள்ளி மாதா கோயில். பழைய கோயில்களில் உஷக்காலம் தொடங்கி அர்த்தசாமம் வரை ஆறு காலப் பூஜை உண்டு. எங்கள் பிள்ளையாருக்கு இரண்டோடு சரி. மாதா கோயிலில் காலை ஆறு, பகல் பன்னிரண்டு, மாலை ஆறு என்று மூன்று முறை மணி அடிக்கிறார்கள், அதிலும் நம்முடைய இரண்டு ஆறுகள் சிக்கிக்கொண்டிருக்கின்றன. பள்ளிவாசலில் ஐந்து வேளையும் பாங்கு ஒன்றுபோலத்தான் கேட்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கீழ்வீட்டு அக்கா திருத்தினார். விடியற்காலைப் பாங்கில் மட்டும் தூக்கத்தைவிடத் தொழுகை மேலானது என்று கூடுதலாக ஒரு வரி வருமாம், மற்ற நான்கில் அது இல்லை. அந்த அக்காவின் பேரனுக்கு நாலரை வயசு. அரபு தெரியாது, ஆனால் அந்த வரி வந்தால் அது விடியற்காலை என்று படுத்தபடியே சொல்வானாம். கேட்டபோது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

மொட்டைமாடியில் கொடிகள் போட்டிருப்பவர்களுக்கு இன்னொரு வசதி. பூசணிப் பூ விடியும்போதே விரிந்துவிடும். பள்ளிக்கூடத்தில் இடைவேளை மணி அடிப்பதற்குள் சுருங்கத் தொடங்கிவிடும். பீர்க்கம் பூ அப்படியே எதிர். பகலெல்லாம் மூடிக்கிடந்துவிட்டுச் சாயங்காலம்தான் மஞ்சளாக விரியும். சுரைப் பூவும் அந்தி நேரத்து ஆள். நாலு மணி தாண்டினால் அந்திமந்தாரை. வெயில் ஏறியபின் பத்து மணிப் பூ, பெயரிலேயே நேரத்தை வைத்துக்கொண்டு. பவளமல்லி இருட்டியபின் பூத்து, விடிவதற்குள் தரையில் கொட்டிக் கிடக்கும். ஸ்வீடன்காரரான கார்ல் லின்னேயஸ் 1751-இல் வெளியிட்ட 'ஃபிலாசஃபியா பொட்டானிகா'வில் எந்தப் பூ எத்தனை மணிக்கு விரிந்து எத்தனை மணிக்குக் கூம்பும் என்று பட்டியலே போட்டு, அதைப் பூக் கடிகாரம் என்று சொல்லியிருக்கிறார். அவர் பட்டியலில் இருப்பவை அந்த ஊர்ச் செடிகள், நமக்கு ஆகாது. நமக்கு ஒரு பூசணியும் ஒரு பீர்க்கும் போதும். காய்த்தால் கூட்டும் ஆயிற்று.

இதையெல்லாம் எதற்கு இவ்வளவு விரித்துச் சொல்கிறேன் என்றால், குழந்தைகள் நேரத்தை எண்ணாகப் பிடிப்பதற்கு வெகு முன்பே வரிசையாகப் பிடித்துவிடுகிறார்கள். அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஃப்ரீட்மன் இதை நெடுங்காலம் ஆராய்ந்தவர். எழுந்திருப்பது, சாப்பிடுவது, தூங்கப்போவது என்று தினசரிக் காரியங்களைப் படங்களாகக் கொடுத்தால் நாலைந்து வயசுப் பிள்ளைகளே அவற்றை முறையாக அடுக்கிவிடுகிறார்கள். அதையே ராத்திரியிலிருந்து பின்னோக்கிச் சொல் என்றால் தடுமாறுகிறார்கள். அது இன்னும் வளர்ந்த பிறகு வருவது. கேத்தரின் டில்மன், டேவிட் பார்னர் முதலியோர் 2017-இல் வெளியிட்ட ஆய்வில் நேற்று, நாளை போன்ற சொற்களைப் பார்த்திருக்கிறார்கள். நேற்று என்பது முடிந்துபோனது என்று பிள்ளைகளுக்குச் சீக்கிரமே தெரிந்துவிடுகிறது. எவ்வளவு தூரம் முடிந்துபோனது என்று தெரியப் பல வருஷங்கள் ஆகின்றன. மகள் "நேத்து" என்று ஆரம்பித்தால் அது இன்று காலையாகவும் இருக்கலாம், போன பொங்கலாகவும் இருக்கலாம். மதியம் தூங்கி எழுந்தால் காலையில் நடந்தது அவளுக்கு நேற்றாகிவிடும். இடையில் ஒரு தூக்கம் வந்துவிட்டதே!

அந்தத் தூக்கக் கலக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆழ்ந்த தூக்கத்திலிருந்து பாதியில் எழுந்தால் மூளை முழுசாக விழிக்க அரை மணி நேரம்கூட ஆகும், யாருக்குமே. அந்த நேரத்தில் "சொல்லு, இது காலையா சாயங்காலமா?" என்று சுற்றி நின்று பரீட்சை வைக்கும் சொந்தக்காரர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முதலில் தண்ணீர் கொடுங்கள். மடியில் கொஞ்ச நேரம் இருக்கட்டும்.

வரிசைக்கு நாங்கள் செய்தது ஒரு கயிறு. கூடத்துச் சுவரில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு ஒரு சணல் கயிற்றைக் கட்டி, துணி மாட்டும் கிளிப்புகளில் மகளின் படங்களையே மாட்டினோம். அவள் எழுந்து கண் கசக்குவது, பால் பாக்கெட்டை எடுத்துவருவது, வேனில் ஏறுவது, பள்ளிவிட்டு வந்து சாதம் சாப்பிடுவது, தூங்குவது, கீழே சைக்கிள் ஓட்டுவது, பாட்டி ஜன்னலை மூடுவது, தாத்தாவோடு செய்தி பார்ப்பது, படுப்பது. யாரோ ஒரு பையன் பல் தேய்க்கும் படத்துக்கு இல்லாத மதிப்பு இந்தப் படங்களுக்கு உண்டு. அவளே அதில் இருக்கிறாள். இன்னொரு கிளிப்பில் ஒரு சிவப்பு நாடா. அதை 'இப்போ' என்ற இடத்தில் மாற்றி மாற்றிக் குத்துவது அவள் வேலை. சாதத்துக்கு இந்தப் பக்கம் இருப்பதெல்லாம் காலை, அந்தப் பக்கம் இருப்பது காலை இல்லை. சாதத்தை நடுவில் வைத்ததுதான் இதில் இருக்கும் ஒரே சூட்சுமம். டிபன் இரண்டு வேளை வரும், காபி இரண்டு வேளை வரும். குழம்பு ஊற்றிய முழுச் சாப்பாடு எங்கள் வீட்டில் ஒரு வேளைதான். ராத்திரியும் சாதம் சாப்பிடும் வீடுகளில் வேறு எதையாவது நடுவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மதியம் எங்கே தொடங்குகிறது என்பதில் அதனால் சண்டை வந்ததில்லை. எங்கே முடிகிறது என்பதில்தான். பள்ளித் தாள் நாலு மணியை ஆஃப்டர்நூன் கட்டத்தில் போடச் சொல்கிறது. வீட்டில் நாலு மணி என்றால் சாயங்காலம். "சாயங்காலம் நாலு மணிக்குக் காபி" என்றுதான் எல்லார் வாயிலும் வருகிறது. தொல்காப்பிய மரபில் நாளை ஆறு சிறுபொழுதாகப் பிரித்தவர்கள் இந்த இடத்துக்கே தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். பகல் இரண்டு முதல் ஆறு வரை எற்பாடு, அதற்குப் பிறகுதான் மாலை, அது பத்து வரை. ஒவ்வொன்றுக்கும் நாலு மணி நேரம். அந்தக் கணக்கில் என் மகள் பள்ளி விட்டு விளையாடப்போவது எற்பாட்டில். ஹோம்வொர்க்கில் அப்படி எழுதிக் கொடுத்தனுப்ப எனக்கு ஆசைதான். மிஸ் பாவம்.

எல்லைக்கோட்டை விட்டுவிட்டு ஒவ்வொரு பொழுதின் நடுவையும் பிடித்துக்கொள்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. எட்டு மணி காலை. அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஒரு மணி மதியம். ஐந்தரை சாயங்காலம். ஒன்பது ராத்திரி. இந்த நாலும் உறுதியாகிவிட்டால் ஓரங்கள் தானே வந்து சேரும், வராவிட்டாலும் குடி முழுகாது. பெரியவர்களே ஏழு மணியைச் சிலர் சாயங்காலம் என்கிறோம், சிலர் ராத்திரி என்கிறோம். மூன்று மணிக்கு முழித்துக்கொண்டிருப்பவன் அதை ராத்திரி மூன்று என்பான். மூன்று மணிக்கு எழுந்து ஊருக்குக் கிளம்புகிறவன் விடியக்காலம் மூன்று என்பான். ஐந்து வயசுப் பிள்ளை மட்டும் ஏன் கோடு போட்டுப் பிரிக்க வேண்டும்?

இனி ஏ.எம்., பி.எம். இதை எப்போது சொல்லிக்கொடுக்கலாம் என்று கேட்டால், நீங்கள் நினைப்பதைவிடத் தாமதமாக என்பேன். என்.சி.இ.ஆர்.டி.யின் 'மேத் மேஜிக்' வரிசையில் கடிகாரம் பார்ப்பதற்கென்று 'டைம் கோஸ் ஆன்' என்ற பாடம் வந்தது மூன்றாம் வகுப்பில்தான். அந்த வயசில் முள்ளைப் பார்த்து மணி சொல்லத் தெரிந்த பிறகு, சின்ன முள் ஒரு நாளைக்கு இரண்டு சுற்று வருகிறது, முதல் சுற்று ஏ.எம்., இரண்டாவது பி.எம். என்றால் பிள்ளை பிடித்துக்கொள்ளும். பன்னிரண்டு மட்டும் தகராறு செய்யும். பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று ஏறிக்கொண்டே போனது திடீரென்று ஒன்றாகிவிடுகிறது. பதினொன்றுக்குப் பின்னால் வரும் 12 ஏ.எம். இல்லை, பி.எம்.; 12:30 ஏ.எம். என்பது 1 ஏ.எம்.-க்கு முன்னால் வருவது. எண் கற்ற பிள்ளைக்கு இதைவிட அநியாயம் வேறில்லை. பகல் 12, ராத்திரி 12 என்று சொல்லிவிட்டால் இந்தப் பாடே இல்லை. என் அலுவலகத்தில் இன்னும் கூட்ட அழைப்பு அனுப்பும்போது 12 என்ற எண்ணைத் தொடாமல் 11:59 என்று போடும் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள்.

ரயில் டிக்கெட் எடுப்பவர்களுக்கு இது விளையாட்டில்லை. சென்னையிலிருந்து இரவு கிளம்பித் தெற்கே போகும் வண்டிகள் பல, திருச்சிக்கு வரும்போது நள்ளிரவு தாண்டியிருக்கும். திருச்சியில் ஏறுகிறவர் மனதில் அது சனிக்கிழமை ராத்திரி வண்டி. 00:40 என்று போட்டிருக்கும் ரயில்வேக்கு அது ஞாயிற்றுக்கிழமை. தேதியைச் சனி என்று போட்டு எடுத்துவிட்டு, ஒரு நாள் முன்னாலேயே போய்விட்ட வண்டிக்காகப் பெட்டி படுக்கையோடு பிளாட்பாரத்தில் நின்றவர் எல்லாக் குடும்பங்களிலும் ஒருவராவது இருப்பார். படித்தவர், நேரம் தெரிந்தவர், ஆனாலும் நம் மனசில் நாள் என்பது தூங்கி எழுந்தால்தான் மாறுகிறது. பஞ்சாங்கமும் உள்ளூர அதே கட்சிதான்: சூரிய உதயத்திலிருந்து அடுத்த உதயம் வரை ஒரு நாள், அதற்கு 60 நாழிகை, ஒரு நாழிகைக்கு 24 நிமிஷம். ஜாதகத்தில் உதயாதி நாழிகை என்று எழுதுவது உதயத்திலிருந்து எண்ணியதைத்தான்.

இப்படி எண்ணுகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள் என்பது எனக்குச் சமீபத்தில்தான் தெரியும். எத்தியோப்பியாவில் அன்றாடப் பேச்சில் நம்முடைய காலை ஏழு மணிதான் பகலின் ஒரு மணி. நம் மாலை ஏழு, இரவின் ஒரு மணி. கென்யாவிலும் தான்சானியாவிலும் சுவாஹிலி பேசுகிறவர்கள் மணி சொல்லும் முறையும் இதுவே. அவர்கள் ஊரும் நிலநடுக்கோட்டுப் பக்கம். உதயமும் மறைவும் பெரிதாக ஆடாது. அதனால் அங்கிருந்து எண்ணுவது தோதாக இருக்கிறது. விடிந்து ஒரு மணி நேரம் ஆயிற்று, ஆகவே மணி ஒன்று. ஒரு குழந்தைக்கு இதைவிட நேர்மையாகக் கடிகாரம் சொல்லித்தர முடியுமா என்று தெரியவில்லை. ஆனால் அங்கேயும் இரட்டைச் சிக்கல் தீரவில்லை. நம்முடைய இரண்டு ஆறு மணிகளும் அவர்களிடம் இரண்டு பன்னிரண்டுகள்.

முழுசாகத் தீர்ப்பது இருபத்துநாலு மணிக் கடிகாரம் ஒன்றுதான். காலை ஆறு 6, மாலை ஆறு 18, ராத்திரி பன்னிரண்டு 0. ஒரே எண் இரண்டு வேலை பார்க்காது. மகள் நூறு வரை எண்ணத் தொடங்கியதும் அவள் அறையில் மேசைமேல் வைக்கும் டிஜிட்டல் கடிகாரம் ஒன்றை வாங்கி அந்த முறையில் வைத்தேன். எண் பன்னிரண்டைத் தாண்டிவிட்டால் சாதம் ஆயிற்று என்று அர்த்தம், அவ்வளவுதான் சொன்னேன். 13 வந்ததும் இலை போடவில்லையா என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள். மதியத் தூக்கத்திலிருந்து எழுந்தால் 17 என்றோ 18 என்றோ பார்த்துவிட்டு, பிரஷ் பக்கமே போகாமல் சைக்கிளைத் தேடுகிறாள்.

கூடத்துக் கடிகாரத்தையும் அப்படி மாற்றலாமே என்று சொல்லிப் பார்த்தேன். என் மாமியார் சம்மதிக்கவில்லை. மகள் போய், "பாட்டி, இருபது மணி ஆயிடுச்சு, உங்க சீரியல்" என்று கூப்பிட்டால், "என் சீரியல் எட்டு மணிக்குடி, இருபது மணிக்கு எவன் போடறான்?" என்று அங்கிருந்தே குரல் வருகிறது. இரண்டு பேரும் சரியான நேரத்துக்கு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுகிறார்கள், அதனால் நான் தலையிடுவதில்லை.